ஜெனிசிஸின் முதல் ஆல்பம்: பாட்டுக்குப் பிறகு வந்த கதை

கேள்வி இது: "ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பமே பைபிளை வைத்து எடுத்த கான்செப்ட் ஆல்பம் என்று படித்தேன். அப்படியானால் அவர்களுடைய ப்ராக்ரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) அங்கேதானே தொடங்குகிறது? ரசிகர்கள் ஏன் அதைக் கண்டுகொள்வதே இல்லை? அந்த ஆல்பம் எப்படி உருவானது?"

'ஃப்ரம் ஜெனிசிஸ் டு ரெவலேஷன்' என்ற அந்த முதல் ஆல்பம் கான்செப்ட் ஆல்பம்தான், அதாவது எல்லாப் பாட்டுகளையும் ஒரே கதையில் கோத்த ஆல்பம்; சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள பல பாட்டுகள் அந்தக் கதைக்காகப் பிறந்தவை அல்ல. பாட்டுகள் ஓரளவு கையில் இருந்தபோது தயாரிப்பாளர் ஒரு கதையைச் சொன்னார். குழுவில் இருந்த பள்ளிப் பையன்கள் அதற்குள் பாட்டுகளைப் பொருத்தினார்கள், சிலவற்றைப் புதிதாக எழுதினார்கள். அந்தப் பொருத்தம் பாதிதான் கூடியது. ரசிகர்கள் இதை ஒதுக்குவதற்குக் காரணம் அதுதான். ஆனால் கூடாமல் போன அந்தப் பாதியைக் கேட்டால்தான் பின்னாளைய ஜெனிசிஸ் எங்கிருந்து கிளம்பியது என்று புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இவர்கள் யார் என்பது. ஜெனிசிஸ் என்றதும் பலருக்கும் பில் காலின்ஸ் ஞாபகம் வரும். இந்தக் கதையில் அவர் இல்லை. அவர் சேர்ந்தது 1970இல். இது இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், கோடால்மிங் ஊரில் இருக்கும் சார்ட்டர்ஹவுஸ் என்ற பழைய விடுதிப் பள்ளியின் மாணவர்களைப் பற்றியது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். கடுமையான ஒழுங்கு, தேவாலயத்தில் தினமும் பாட்டு, சீருடை. மைக் ரதர்ஃபோர்டின் விடுதிக் கண்காணிப்பாளர் கிதாரைக் கலகத்தின் சின்னமாகப் பார்த்து, அவர் வாசிக்கவே தடை போட்டார். அந்தப் பள்ளியில் இரண்டு மாணவர் இசைக்குழுக்கள் இருந்தன. ஒன்று 'அனான்', ஆன்டனி ஃபிலிப்ஸும் ரதர்ஃபோர்டும் அதில் கிதார் வாசித்தார்கள். மற்றொன்று 'கார்டன் வால்'; அதில் பீட்டர் கேப்ரியல் பாடினார், டோனி பேங்க்ஸ் பியானோ, கிறிஸ் ஸ்டூவர்ட் டிரம்ஸ்.

இரண்டு குழுக்களும் கலைந்துபோன நேரத்தில், 1967 ஈஸ்டர் விடுமுறையில், ஃபிலிப்ஸும் ரதர்ஃபோர்டும் தங்கள் பாட்டுகளை டேப்பில் பதிவு செய்ய நினைத்தார்கள். கீபோர்டு வாசிக்க ஆள் வேண்டும் என்று பேங்க்ஸைக் கூப்பிட்டார்கள். ஃபிலிப்ஸ் தானே பாடுவதாக இருந்தார். கேப்ரியல் பாடினால் நன்றாக இருக்கும் என்று பேங்க்ஸ் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டிரம்ஸுக்கு ஸ்டூவர்ட். அப்படித்தான் இந்த ஐந்து பேரும் சேர்ந்தார்கள். மேடையில் வாசித்துப் பழகி, கூட்டத்தின் முன் நின்று பலப்பட்ட குழு அல்ல இது. பாட்டு எழுதுபவர்கள் சிலர் சேர்ந்து, 'நம் பாட்டுகளை வேறு யாராவது பாடினாலும் சரி' என்ற எண்ணத்தில் தொடங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கிறது.

அந்த டேப் ஒரு பள்ளி நண்பர் மூலமாக ஜோனதன் கிங் கைக்குப் போனது. கிங் அதே பள்ளியின் பழைய மாணவர். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருக்கும்போதே 1965இல் ஒரு பாட்டுப் பாடி பிரிட்டிஷ் தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனவர். பழைய மாணவர் நாளுக்காகப் பள்ளிக்கு வந்திருந்தார். டேப்பைக் கேட்டதும் கேப்ரியலின் குரல் அவரைப் பிடித்துக்கொண்டது. கிங்குக்கு அப்போது 22 வயதுதான்.  குழுவுக்கு ஜெனிசிஸ் என்று பெயர் வைத்ததும் அவரே. 'கேப்ரியல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்றும் ஒரு பெயர் சொன்னாராம். நல்லவேளை, மற்ற நால்வரும் அதை ஏற்கவில்லை.

ஒப்பந்தம் டெக்கா நிறுவனத்தோடு. முதலில் பேசியது ஐந்தாண்டுக் கணக்கு. அப்போது பிரிட்டனில் 21 வயது நிறையாதவர்கள் சட்டப்படி மைனர்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும். பெற்றோர்கள் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மறுத்தார்கள். கடைசியில் ஓராண்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம் என்று மாற்றினார்கள். பிள்ளைகளின் படிப்பு கெடக் கூடாது என்ற கவலையில் செய்த காரியம். ஆனால் இரண்டே ஆண்டுகளில் அதுதான் குழுவைக் காப்பாற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து அவர்கள் புதிய டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) செய்தார்கள். அவை நீளமாகவும் சிக்கலாகவும் போயின. கிங்குக்குப் பிடிக்கவில்லை, அவருக்கு வேண்டியது மூன்று நிமிட பாப் பாட்டு. அவருக்கு பீ ஜீஸ் குழு மிகவும் பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட கேப்ரியலும் பேங்க்ஸும், பீ ஜீஸின் ராபின் கிப் பாடுவது போலவே ஒரு பாட்டை எழுதினார்கள். அதுதான் 'த சைலன்ட் சன்'. 1968 பிப்ரவரியில் சிங்கிளாக (தனிப் பாட்டுக்கான சின்ன இசைத்தட்டாக) வந்தது, ஓடவில்லை. மே மாதம் 'எ வின்டர்ஸ் டேல்' வந்தது, அதுவும் ஓடவில்லை. கிறிஸ் ஸ்டூவர்ட்டை மாற்றிவிட்டு ஜான் சில்வரை டிரம்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டூவர்ட் பிறகு தென் ஸ்பெயினில் ஒரு பண்ணையில் குடியேறி, அந்த வாழ்க்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எழுத்தாளரானார்.

இரண்டு சிங்கிள் தோற்ற குழுவை வைத்து முழு ஆல்பம் எடுக்க ஒரு தயாரிப்பாளர் ஒத்துக்கொள்வது சாதாரண விஷயமில்லை. கிங்கின் மேல் ரசிகர்களுக்கு ஆயிரம் குறைகள் உண்டு, எனக்கும் சில உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவர் பையன்களைக் கைவிடவில்லை. அது மட்டுமில்லை, தனித்தனிப் பாட்டுகளாக இல்லாமல் ஒரே இழையில் கோக்கலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். அவர் சொன்ன இழை பைபிள்: ஆதியாகமம் (ஆங்கிலத்தில் 'ஜெனிசிஸ்') தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் ('ரெவலேஷன்') வரை மனிதனின் கதை.

இப்படி ஒரு யோசனை 1968 கோடையில் வானத்திலிருந்து விழவில்லை. முந்தைய ஆண்டு ஜூனில் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' வந்து, ஆல்பம் என்றால் பாட்டுகளின் மூட்டை மட்டுமில்லை என்று எல்லாரையும் நம்ப வைத்திருந்தது. 1967 நவம்பரில் மூடி புளூஸ் குழு ஒரு நாளின் விடியலிலிருந்து இரவு வரையை ஒரே ஆல்பமாகச் செய்தது. அதை வெளியிட்டது டெக்காவின் துணை நிறுவனமான டெரம். ஒரு ராக் குழுவோடு முழு ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்து அவர்கள் பெரிய வெற்றி கண்டிருந்தார்கள். பிரிட்டி திங்ஸ் குழு ஒரு மனிதனின் பிறப்பு முதல் முதுமை வரையிலான கதையை 1968 டிசம்பரில் வெளியிட்டது. த ஹூ குழுவின் 'டாமி' 1969 மே மாதம் வந்தது. ஜெனிசிஸின் ஆல்பம் இந்த இரண்டுக்கும் நடுவில், 1969 மார்ச்சில் வெளியானது. காலத்தை மட்டும் பார்த்தால் முன்னோடிகளின் வரிசையில் நிற்க வேண்டிய ஆல்பம்.

ஆனால் கதை பாட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்தம் 13 பாட்டுகள். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கதை ஓரளவு தெரிகிறது. 'இன் த பிகினிங்' படைப்பைப் பற்றியது. தாழ்ந்த உறுமலோடு தொடங்கி உலகம் உருவாவதைப் பாடுகிறது. 'ஃபயர்சைட் சாங்' குழப்பம் அடங்கிய பூமியைப் பாடுகிறது. 'த சர்ப்பன்ட்' பாம்பும் முதல் மனிதனும். 'இன் த வில்டர்னஸ்' வனாந்தரம். அதற்குப் பிறகு பக்கத்தைத் திருப்பினால் இழை மெல்ல நழுவுகிறது. 'த கான்கரர்' யாரோ ஒரு வெற்றி வீரனைப் பற்றியது. பைபிளோடு சேர்த்துப் படிக்க நாம்தான் முயற்சி செய்ய வேண்டும். 'ஒன் டே' காதல் பாட்டு. பீ ஜீஸ் மாதிரி வேண்டுமென்றே எழுதிய 'த சைலன்ட் சன்' அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெண்ணை நினைத்து உருகும் சிங்கிள் அது. உலகத்தின் முடிவை நோக்கிப் போகும் கதையில் கடைசிக்கு முந்தைய இடத்தில் அதற்கு என்ன வேலை?

பாட்டுகளின் பூர்வீகத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 'த சர்ப்பன்ட்' ஆரம்ப டெமோக்களில் 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்ற பெயரில் இருந்தது; ஒரு அழகியைப் பற்றிய பாட்டு. சொற்களை மாற்றி அதை ஏதேன் தோட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 'இன் ஹைடிங்' பாட்டின் மெட்டு 'பட்ரீஷியா' என்ற பழைய கிதார் துண்டிலிருந்து வந்தது. மெட்டுகளை இப்படி வேறு இடத்தில் பயன்படுத்துவதில் தவறே இல்லை, எல்லா இசையமைப்பாளர்களும் செய்வதுதான். ஆனால் இசை காதலுக்காக அமைந்தது, சொல் படைப்பைப் பேசுகிறது என்றால், கேட்பவருக்கு எங்கோ இடறுகிறது. 'த சர்ப்பன்ட்' பாட்டில் எனக்கு எப்போதும் இந்த இடறல் தெரியும். முன்னால் ஓடும் தாளம் ஒரு பெண் தெருவில் நடந்து வருவதற்குப் பொருந்தும். மண்ணிலிருந்து மனிதன் எழுவதற்குப் பொருந்தவில்லை.

சரி, பதிவுக்கு வருவோம். 1968 ஆகஸ்ட், பள்ளி விடுமுறை. லண்டன் டென்மார்க் தெருவில் இருந்த ரீஜன்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் சுமார் பத்து நாள். டென்மார்க் தெரு என்பது பாட்டுப் பதிப்பகங்களும் இசைக்கருவிக் கடைகளும் நிறைந்த சின்னத் தெரு. ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை 1964இல் பதிவு செய்தது இந்த ஸ்டுடியோவில்தான். ஒலிப்பதிவில் பிரையன் ராபர்ட்ஸும் டாம் அல்லமும் இருந்தார்கள். அல்லம் அடுத்த ஆண்டே பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பத்தில் வேலை செய்தார், பிறகு ஜூடாஸ் பிரீஸ்டின் தயாரிப்பாளராக ஆனார். கேப்ரியலுக்கும் பேங்க்ஸுக்கும் 18 வயது. ரதர்ஃபோர்டுக்கு 17. ஃபிலிப்ஸுக்கு 16. இந்த வயதுகளை நினைத்துக்கொண்டு 'இன் த வில்டர்னஸ்' பாட்டைக் கேளுங்கள். அந்தக் கோரஸ் ஏறும் விதத்தில் பள்ளிப் பையன்களின் கைவேலை என்பதே தெரியாது.

பத்து நாளில் 13 பாட்டு என்றால் யோசிக்க நேரம் கிடையாது. வாசி, பாடு, அடுத்தது. அவர்கள் மேடையில் வாசித்துப் பழகியிருந்தால் அந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை. பல குழுக்கள் ஒரே நாளில் முழு ஆல்பம் முடித்த காலம் அது. ஆனால் ஜெனிசிஸ் அதுவரை ஒரு குழுவாக மேடை ஏறியதே இல்லை. கட்டணம் வாங்கி அவர்கள் வாசிக்கத் தொடங்கியது 1969 இலையுதிர் காலத்தில், அதாவது ஆல்பம் வெளியாகி அரை வருடம் கழித்து. எந்தப் பாட்டில் கூட்டம் கவனம் இழக்கிறது, எங்கே நீட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பதையெல்லாம் ஒரு குழு மேடையில்தான் கற்றுக்கொள்ளும். இந்த ஆல்பத்தில் பாட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே வேகம், ஒரே வடிவம். குழுவுக்கு உடம்பு இன்னும் வரவில்லை; பாட்டு எழுதும் கை மட்டும் வந்துவிட்டது.

இப்போது வயலின் விஷயம். ஜெனிசிஸ் ரசிகர்கள் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினால் இங்கேதான் வந்து நிற்பார்கள். குழு வாசித்து முடித்த பிறகு கிங், ஆர்தர் கிரீன்ஸ்லேட் என்ற அனுபவசாலியைக் கொண்டு பல பாட்டுகளின் மேல் வயலின்களும் ஊதுகருவிகளும் சேர்த்தார். கிரீன்ஸ்லேட் சாதாரண ஆள் இல்லை. பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூரும் ஜேன் பிர்கினும் பாடி 1969இல் ஐரோப்பா முழுக்க ஓடிய 'ஜெ தெம்' என்ற பிரெஞ்சுப் பாட்டுக்கு வாத்திய அமைப்பு செய்தவர் அவர்தான். 'த சைலன்ட் சன்' சிங்கிளிலும் அவர் வேலை இருந்தது. ஆனால் ஆல்பம் முழுக்க இப்படி நிரப்பப்படும் என்று பையன்கள் எதிர்பார்க்கவில்லை. முடிந்த வடிவத்தைக் கேட்டபோது ஃபிலிப்ஸுக்குக் கோபம் பொங்கி, ஸ்டுடியோவை விட்டே வெளியேறிவிட்டார்.

அவர் கோபத்துக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் லண்டனின் சிறிய ஸ்டுடியோக்களில் நான்கு டிராக் (நான்கு ஒலித்தடங்கள் மட்டுமே உள்ள) பதிவுக் கருவிதான் வழக்கம். குழு வாசித்ததை முன்கூட்டியே ஒன்றாகக் கலந்து குறுக்கினால்தான் ஆர்கெஸ்ட்ராவுக்கு இடம் கிடைக்கும். ஸ்டீரியோவில், அதாவது இடது வலது என இரண்டு பக்கமாக ஒலி வரும் வடிவத்தில், குழுவின் இசையை ஒரு பக்கத்துக்கும், வயலின்களையும் ஊதுகருவிகளையும் மறுபக்கத்துக்கும் தள்ளினார்கள். விளைவு, குழு மொத்தமும் ஒரு மூலையில் நசுங்கியது. கிதாரும் பியானோவும் டிரம்ஸும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் கேட்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வயலின்கள் காலியான மைதானத்தில் நிற்பது போலத் தாராளமாக நிற்கின்றன. யாருடைய ஆல்பம் இது என்று காதே குழம்பிவிடும்.

மூடி புளூஸ் ஆல்பத்தோடு ஒப்பிட்டால் தவறு எங்கே என்று பிடிபடும். அங்கேயும் ஆர்கெஸ்ட்ரா உண்டு, அதே நிறுவனக் குடும்பம், ஏறக்குறைய அதே காலம். ஆனால் அங்கே ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் பாட்டுகளுக்கு நடுவில் வருகிறது. ஒரு பாட்டு முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டின் வாசல் வரை கூட்டிப்போகிறது. பாட்டுக்குள் குழுவே ஆட்சி செய்கிறது. வயலின் ஒலி வேண்டிய இடத்தில் மெலோட்ரான் என்ற கீபோர்டை வாசித்துக்கொண்டார்கள். ஜெனிசிஸ் ஆல்பத்தில் நேர் எதிராக நடந்தது. பாட்டுகளுக்கு நடுவில் குழு தானே சின்னச் சின்னப் பியானோ, கிதார் இணைப்புத் துண்டுகளை வாசித்தது. ஆர்கெஸ்ட்ரா பாட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. இணைக்க வேண்டியது மூடிவிட்டது.

இந்த இணைப்புத் துண்டுகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலரும் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் பக்கத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் சில விநாடிகளுக்குப் பாட்டே இல்லாத இசை வரும். 'ஃபயர்சைட் சாங்' தொடங்குமுன் பேங்க்ஸின் பியானோ தனியாக வருகிறது. அந்தத் தொடுகை, ஒரு ஸ்வரக் கோவையிலிருந்து எதிர்பாராத இன்னொன்றுக்கு மெதுவாக நகரும் அந்தப் பழக்கம், 1973இல் அவர் வாசித்த நீண்ட பியானோ முன்னுரைகளில் முழுதாக மலர்கிறது. வயலின் இல்லை, மூன்று நிமிடக் கட்டாயம் இல்லை, ஹிட் ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அந்தச் சில விநாடிகளில் யாரும் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. உங்கள் கேள்வியில் 'தொடக்கம்' என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் ஜெனிசிஸின் ப்ராக்ரசிவ் ராக் தொடங்குவது அங்கேதான்: பாட்டுகளுக்கு நடுவில். ஆனால் அந்தத் துண்டுகளுக்கும் காரணம் கிங் சொன்ன கான்செப்ட்தான். ஒரே கதை என்று சொன்னதால்தான் பாட்டுகளை இணைக்க வேண்டிய தேவை வந்தது. இணைக்கப் போன இடத்தில் பையன்கள் தங்கள் மொழியைக் கண்டுபிடித்தார்கள்.

பெயரில் வந்த சிக்கலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் தயாரான நேரத்தில் அமெரிக்காவில் ஏற்கெனவே ஜெனிசிஸ் என்று ஒரு குழு இருப்பது தெரிந்தது. பெயரை மாற்றச் சொன்னது டெக்கா. கிங்குக்கு மாற்ற மனமில்லை. கடைசியில் குழுவின் பெயரையே அட்டையில் போடாமல் விட்டார்கள். முழுக் கறுப்பு அட்டை, அதில் பழைய பாணி எழுத்தில் பொன்நிறத்தில் ஆல்பத்தின் தலைப்பு மட்டும். யார் பாடியது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பல கடைகளில் இதைக் கிறிஸ்தவ பக்திப் பாட்டுகள் இருக்கும் தட்டில் வைத்துவிட்டார்கள். 1969 மார்ச்சில் வெளியான ஆல்பம் விற்றது சுமார் 650 பிரதிகள் என்று பேங்க்ஸ் சொல்லியிருக்கிறார். ஜூனில் 'வேர் த சவர் டர்ன்ஸ் டு ஸ்வீட்' பாட்டைச் சிங்கிளாக விட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

கிங்கின் ஆர்வம் அங்கே தணிந்துவிட்டது. டெக்காவும் கைவிட்டது. இங்கேதான் பெற்றோர்கள் போட்ட ஓராண்டு ஒப்பந்தம் வேலை செய்தது. ஐந்தாண்டுக்குக் கையெழுத்திட்டிருந்தால், விருப்பமில்லாத நிறுவனத்தில் 1972 வரை மாட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது யாருக்கும் கடன்படாமல் வெளியே வந்தார்கள். ஆனால் ஆல்பத்தின் உரிமை அவர்களோடு வரவில்லை, கிங்கிடமே இருந்தது. அதனால்தான் குழு புகழ்பெற்ற பிறகு இதே பாட்டுகள் வெவ்வேறு தலைப்பில், வெவ்வேறு அட்டையில் திரும்பத் திரும்ப வெளியாயின. 'இன் த பிகினிங்' என்ற பெயரிலும் ஒரு தடவை வந்தது. பழைய ரெக்கார்டுக் கடைகளில் தெரியாத தலைப்பில் ஜெனிசிஸ் ஆல்பம் கண்ணில் பட்டால், முதலில் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். குழுவின் அதிகாரப்பூர்வத் தொகுப்புகளில் இது பெரும்பாலும் இடம்பெறாததற்கும் உரிமை ஒரு பெரிய காரணம். புதிய கேட்பவர்கள் அடுத்த ஆல்பத்திலிருந்தே தொடங்குகிறார்கள். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ரசிகர்கள் கண்டுகொள்வதில்லை என்று கேட்டீர்கள். பாதி இசைக் காரணம் என்றால் மீதி இந்தக் காகிதக் காரணம்.

அப்புறம் என்ன நடந்தது என்பது இந்த ஆல்பத்துக்கு நல்ல விளக்கவுரை. சில்வர் படிக்க அமெரிக்கா போனார். ஜான் மேஹ்யூ டிரம்ஸுக்கு வந்தார். 1969 கடைசியில் சர்ரேயில் டார்க்கிங் ஊருக்கு அருகே இருந்த ஒரு குடிசை வீட்டுக்குக் குடிபோனார்கள். நண்பரும் உதவியாளருமான ரிச்சர்ட் மக்பெயிலின் பெற்றோருக்குச் சொந்தமான வீடு. குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி, நாள் முழுவதும் வாசித்தார்கள். கிளம்பிப் போய் மேடையில் வாசிப்பது, திரும்பி வந்து பாட்டை மாற்றுவது என்று பல மாதங்கள். டோனி ஸ்ட்ராட்டன்-ஸ்மித்தின் கரிஸ்மா நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 1970 அக்டோபரில் 'டிரெஸ்பாஸ்' ஆல்பம் வந்தது. முதல் ஆல்பத்தில் 13 பாட்டு, இதில் ஆறே பாட்டு. 'ஸ்டாக்னேஷன்' மட்டும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம். வயலின்கள் போன இடத்தில் ஃபிலிப்ஸும் ரதர்ஃபோர்டும் சேர்ந்து வாசித்த பன்னிரண்டு கம்பிக் கிதார்களும், பேங்க்ஸின் ஆர்கனும் மெலோட்ரானும் வந்து உட்கார்ந்தன. முன்பு இணைப்புத் துண்டாக ஒளிந்திருந்த இசை இப்போது பாட்டின் உடலாகவே ஆகிவிட்டது.

கான்செப்ட் என்ற வடிவத்துக்கு அவர்கள் திரும்பி வந்தது 1974இல், 'த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்ற இரட்டை ஆல்பத்தில். அந்தக் கதையைக் கேப்ரியல் தானே எழுதினார். சொற்களும் பெரும்பாலும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதனால் குழுவுக்குள் பெரிய உரசல் வந்தது, அடுத்த ஆண்டு அவர் வெளியேறினார். அந்தப் பிடிவாதத்தைச் சிலர் தலைக்கனம் என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 18 வயதில் இன்னொருவர் கொடுத்த கதைக்குள் தன் பாட்டுகளை மடக்கி வைத்து, அது பொருந்தாமல் போனதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு ஆல்பத்துக்கு ஒரு கதை என்றால் அது ஒரே மனத்திலிருந்து வர வேண்டும் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதற்கு விலையும் இருந்தது: 'லாம்ப்' ஆல்பத்தின் இசையில் பெரும்பகுதி மற்ற நால்வரின் வேலை, கதை அவர்களுடையதாக இல்லை. கதைக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி முதல் ஆல்பத்தில் தயாரிப்பாளருக்கும் குழுவுக்கும் நடுவில் இருந்தது; 'லாம்ப்' வந்தபோது குழுவுக்குள்ளேயே வந்துவிட்டது.

கேட்பதற்கு என் பரிந்துரை. முதல் தடவை ஸ்டீரியோ வடிவத்தில் கேட்காதீர்கள். டெக்கா அந்தக் காலத்திலேயே மோனோ வடிவமும் வெளியிட்டது. குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் இரண்டாகப் பிளந்து நிற்கும் சங்கடம் அதில் இல்லை, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதால் பாட்டுகள் திடமாகக் கேட்கின்றன. பிறகு 1998இல் குழுவே வெளியிட்ட 'ஆர்க்கைவ்' தொகுப்பின் நான்காவது இசைத்தட்டைத் தேடுங்கள். 'ஒன் டே' பாட்டு அதில் வயலின் இல்லாத கரடுமுரடான கலவையாக இருக்கிறது. ஆரம்ப டெமோவான 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' பாட்டும் உண்டு. அதையும் 'த சர்ப்பன்ட்' பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டால், நான் சொன்ன இடறல் உங்களுக்கே தெரியும். 'ஒன் டே' பாட்டை வயலின் இல்லாமல் கேட்கும்போது, 16 வயது ஃபிலிப்ஸ் ஏன் அன்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார் என்பதும் விளங்கும். இவை கிடைக்காவிட்டால் ஸ்டீரியோ வடிவத்தையே போட்டு, ஹெட்போனில் வயலின் வரும் பக்கத்தை மட்டும் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். சுத்தமாக இருக்காது, ஆனாலும் குழு வாசிப்பது வெளியே வரும்.